எஸ்தருக்கு என்ன சீக்கு?

1

என் அக்கா எஸ்தருக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட டீச்சர். விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, ஞாயிறு என்றால் ஆறு மணி ஆராதனைக்கு முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவாள். காய்ச்சல் என்று அவள் படுத்து நான் பார்த்ததே இல்லை. அப்படிப்பட்டவளுக்காக, டெக்சாஸில் ரிச்சர்ட்சன் என்ற ஊரில், அவளை ஒரு தடவைகூடப் பார்த்திராத வெள்ளைக்காரர்கள் போன செப்டம்பரிலிருந்து வாரம் தவறாமல் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இன்று காலையும் பண்ணினார்கள். எல்லாம் என்னால் வந்த வினை. பாதி என் மகளால்.

ஆராதனை முடிந்ததும் டாரதி என்னைப் பிடித்துக்கொண்டாள். எழுபது வயதைத் தாண்டிய கிழவி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைத் தாளில் நோயாளிகள் பட்டியல் போடுவது அவள் பொறுப்பு. "எஸ்தருக்கு இப்போது தேவலையா? பெயரை எடுத்துவிடலாமா?" என்று கேட்டாள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று காருக்கு ஓடி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சாம்பாருக்குப் பருப்பு வேகப் போட்ட பிறகும் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஊரில் இருப்பவர்கள் படித்துவிட்டுத் திட்டினால் திட்டட்டும்.

2

சண்டையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

தொண்ணூற்றெட்டில் அக்கா மகள் ஜெனிக்குக் கல்யாணம். பிப்ரவரியில் நாள் குறித்திருந்தார்கள். எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் அப்போதுதான் உள்ளே போயிருந்தது. அது முடியுமுன் ஊருக்குப் போய் வர வேண்டுமென்றால் தனியாக ஓர் அனுமதித் தாள் வாங்க வேண்டும். வாங்காமல் கிளம்பினால் விண்ணப்பம் அதோகதி. அந்தத் தாளுக்கு அட்வான்ஸ் பரோல் என்று பெயர். இதை அத்தானிடம் போனில் விளக்கினேன். "பரோலா? அப்போ இத்தனை நாளா நீங்க அங்க ஜெயில்லயா இருக்கிய?" என்று கேட்டார்.

"நான் இல்லாம கல்யாணமாக்கா? மூணு மாசம் தள்ளி வைங்க" என்று கேட்டவள் நான். அக்கா தள்ளி வைத்தாள். கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு சபைக்கு முன்னால் வாசிப்பார்கள், எங்கள் பக்கம் அதை ஓலை வாசிப்பது என்போம். ஒரு ஓலை வாசித்த பிறகு நிறுத்தினால் ஊர் வாய் சும்மா இருக்குமா? மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் தொடுப்பு என்றார்கள், பெண்ணுக்கு வலிப்பு என்றார்கள். அத்தனையையும் தாங்கிக்கொண்டு அக்கா மே மாதத்துக்கு நாளை மாற்றினாள்.

மே மாதமும் நான் போகவில்லை. காரணம் என் வலது காது. அந்தப் பரோல் விண்ணப்பத்தில் ஒட்டும் போட்டோவில் முகத்தைக் கொஞ்சம் திருப்பி வலது காது முழுசாகத் தெரிய வேண்டும். நான் எடுத்துக்கொடுத்ததில் முடி காதை மூடியிருந்தது. வேறு போட்டோ அனுப்பச் சொல்லி வக்கீல் கடிதம் போட்டிருந்தார். எனக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, ரிலீஸ் சமயம், சனி ஞாயிறு கிடையாது. கவரைப் பிரிக்கவே இல்லை. மைக்ரோவேவ் மேல் பீட்சா கூப்பன்களோடு ஐந்து வாரம் கிடந்தது. அனுமதித் தாள் கல்யாணத்துக்குள் வந்து சேரவில்லை. யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. என் சோம்பல்தான்.

போனில் அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "காது தெரியலன்னா கல்யாணத்துக்கு வர மாட்டியா?"

தப்பு என் மேல் என்று தெரிந்தால் எனக்கு வாய் நீண்டுவிடும். பிறவிக் குணம். "அதுக்காக எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வரணுமாக்கா? ஒரு நாள் கூத்துக்கு மீசையைச் சிரைக்கச் சொல்லுதியா?" என்று கேட்டுவிட்டேன்.

"என் மகள் கல்யாணம் ஒனக்குக் கூத்தா?" என்றாள். போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டரை வருஷம் நாங்கள் பேசவில்லை.

3

டல்லாஸ் பக்கம் தமிழ் ஆராதனை நடக்கும் இடம் ஒன்று இருந்தது. வந்த புதிதில் அங்கேதான் போய்க்கொண்டிருந்தோம். சண்டைக்குப் பிறகு அங்கே தலைகாட்ட முடியவில்லை. நம் ஆட்களுக்குச் சொல்லவா வேண்டும்? பிரியாணிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துக்கொண்டே, "அக்கா மகள் கல்யாணத்துக்கு நீங்க போகலையாமே?" என்று கேட்பார்கள். செய்தி எனக்கு முன்னால் பிளேன் ஏறி வந்திருந்தது.

அதனால்தான் எங்கள் அபார்ட்மெண்டுக்கு அடுத்த தெருவில் இருந்த எபிஸ்கோபல் என்ற அமெரிக்கச் சபையின் கோயிலுக்கு மாறினோம். சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. பின்வரிசையில் உட்கார்ந்து, பிரசங்கம் கேட்டு, ஆமென் சொல்லி, யாரிடமும் பேசாமல் வீட்டுக்கு வந்துவிடலாம் என்பது என் திட்டம்.

ஒளிந்துகொள்ள நல்ல இடம் பார்த்தேன்! முதல் நாளே எங்கள் சட்டையில் பெயரெழுதிய ஸ்டிக்கரை ஒட்டினார்கள். ஊரில் சமாதானம் சொல்லும் நேரம் என்றால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கை கூப்புவோம், முடிந்தது. இங்கே எல்லோரும் எழுந்து கோயில் முழுக்க நடக்கிறார்கள். கட்டிப் பிடிக்கிறார்கள். பத்து நிமிஷம் ஒரே சந்தை இரைச்சல். என் கணவரை ஒரு கிழவி கட்டிப் பிடித்தாள். அவர் இரண்டு கையையும் பக்கவாட்டில் தொங்கவிட்டு, ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கிழவிதான் டாரதி.

எங்கள் ஊரில் போதகரை ஐயர் என்போம். ஆராதனையில் முக்கால்வாசி ஐயருடையது, மீதி பாடகர் குழுவுடையது, ஆமென் மட்டும் நம்முடையது. இங்கே வேத பாடம் வாசிக்க ஒருவர், ஜெபம் நடத்த ஒருவர், திராட்சரசக் கிண்ணம் பிடிக்க ஒருவர், காபிக்குப் பால் வாங்கி வர ஒருவர். எல்லாவற்றுக்கும் பெயர் எழுதச் சொல்லி டாரதி அட்டையும் பேனாவுமாகத் திரிவாள். சும்மா உட்கார்ந்திருப்பவரை அவளுக்குப் பிடிக்காது. போதகர் ஒரு பெண், கேரல் என்று பெயர். அங்கியும் நரைத்த கிராப்பும் வாய் நிறையச் சிரிப்புமாக இருப்பார். சின்னப் பிள்ளைகூட அவரைக் கேரல் என்றுதான் கூப்பிடும். எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை. என் மகள் நிம்மிக்கு ஒன்பது வயது, இரண்டாம் வாரமே "ஹாய் கேரல்!" என்றாள். ஊரில் ஐயரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பல் இருக்காது என்று சொன்னேன். "வீ ஆர் நாட் இன் ஊர், அம்மா" என்றாள்.

4

ஆராதனையில் தரும் அப்பமும் திராட்சரசமும்தான் நற்கருணை. யார் மேலாவது பகை வைத்துக்கொண்டு அதை வாங்கக் கூடாது. நான் வளர்ந்த சபையில் யாரும் அதை எழுதி ஒட்டவில்லை. ஆனால் மாத முதல் ஞாயிறு நற்கருணைக்கு யார் எழும்பாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தே எந்த வீட்டில் சண்டை என்று சொல்லிவிடலாம். அந்த அப்பத்தை நான் சும்மா நினைக்கவில்லை. அது இல்லாமல் எனக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லை. ஆனாலும் கூத்து என்று சொன்ன நாக்கில் அதை எப்படி வாங்குவது?

ஊரில் மாதம் ஒரு தடவை உட்கார்ந்தால் போதும். இங்கே ஒவ்வொரு ஞாயிறும் நற்கருணை. ஒவ்வொரு ஞாயிறும் எல்லோரும் வரிசையாக எழும்பிப் போக, நான் மட்டும் ஆணி அடித்தது போல உட்கார்ந்திருப்பேன். இவரும் நிம்மியும் போவார்கள். ஊரில், வளர்ந்த பிறகு பிஷப் தலையில் கை வைத்துச் செய்யும் திடப்படுத்தல் முடியாத பிள்ளைக்கு அப்பம் கிடையாது. இங்கே ஞானஸ்நானம் பெற்ற கைக்குழந்தைக்கும் உண்டு. என் மகள் போய் வாங்குகிறாள், பதினைந்து வயதில் வெள்ளைச் சேலை கட்டித் திடப்படுத்தல் பெற்ற நான் உட்கார்ந்து பார்க்கிறேன்.

முதலில் அவர்கள் நான் இந்து என்று நினைத்தார்கள். "இந்த மேசைக்கு எல்லோரும் வரலாம்" என்று தாளில் அச்சடித்திருந்த வரியை டாரதி விரலால் தொட்டுக் காட்டினாள். நான் கிறிஸ்தவள்தான் என்றேன். யோசித்தாள். அடுத்த வாரம் என் இடத்தில் ஒரு குஷன் இருந்தது. நற்கருணைப் பந்தி முடியப்போகும் நேரம், கேரல் அப்பத் தட்டோடு பீடத்திலிருந்து இறங்கி, நடுப்பாதை முழுக்க நடந்து பின்வரிசைக்கு வந்து என் முன்னால் குனிந்து நின்றார். என் முட்டி வலிக்கிறது, முழங்காலில் நிற்க முடியாமல் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று அவர்களாகவே முடிவு பண்ணிவிட்டார்கள்!

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டுத் திரும்பிப் போனார். அவ்வளவு தூரம் நடந்து வந்த மனுஷியிடம் முட்டிக்கு ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது? அதன் பிறகு இரண்டு வாரம் பார்க்கிங்கில் காலை மெதுவாக எடுத்து வைத்து நடந்தேன். "உனக்கென்ன பைத்தியமா?" என்று இவர் காருக்குள் கேட்டார்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று நடந்தது. நற்கருணை அப்பத்தை இங்கே வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சுடுவார்கள். டாரதி என் பெயரை எழுதிவிட்டாள். மறுக்க வாய் வரவில்லை. சனிக்கிழமை சப்பாத்தி மாவோடு தேனும் பாலும் சேர்த்து இரண்டு தட்டை அப்பம் சுட்டேன். வீடு முழுக்க வாசனை. மறுநாள் என் அப்பத்தைக் கேரல் பிட்டுப் பிட்டுக் கொடுக்க, அத்தனை பேரும் வாங்கிச் சாப்பிட்டார்கள். நான் குஷன் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நிம்மி மென்றுகொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா, இட்ஸ் ரியலி குட். யூ ஷுட் ட்ரை இட்" என்றாள். அன்றைக்கு அழுதேன். வெங்காயம் நறுக்கும் சாக்கில்.

5

நிம்மி விடவில்லை. அவள் அப்பாவிடமிருந்து சண்டை விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கியிருக்கிறாள். போன செப்டம்பரில் ஒரு ஞாயிறு, ஜெபம் நடத்தியவர், யாருக்காவது ஜெபிக்க வேண்டுமானால் பெயரைச் சொல்லலாம் என்று நிறுத்தினார். அங்கங்கே பெயர்கள் வந்தன. திடீரென்று என் பக்கத்திலிருந்து, "ஃபார் மை பெரியம்மா எஸ்தர் இன் இண்டியா" என்று கணீரென்று ஒரு குரல்.

கோயில் முழுக்க ஒரே குரலில், ஆண்டவரே எங்கள் ஜெபத்தைக் கேளும் என்றது. நான் நிம்மியின் தொடையைக் கிள்ளினேன். அவள் அசையவில்லை.

வெளியே வந்து, "ஏட்டி, ஏன் அப்படிச் சொன்ன?" என்றேன். "யூ வோன்ட் கால் ஹெர். சம்படி ஹேஸ் டு டூ சம்திங்" என்றாள். தமிழில் திட்டினால் ஆங்கிலத்தில் பதில் வருகிறது, அதுவும் நியாயமான பதில். என்ன செய்வது?

அடுத்த வாரத் தாளில், இதய ஆபரேஷன் முடிந்த ஒரு தாத்தாவுக்கும் இடுப்பெலும்பு முறிந்த ஒரு பாட்டிக்கும் நடுவில் எஸ்தர் என்று அச்சாகியிருந்தது. அதிலிருந்து ஆராதனை முடிந்து காபி குடிக்கும் நேரத்தில் ஆளாளுக்கு என்னிடம் விசாரிப்பு. எஸ்தருக்கு எப்படி இருக்கிறது? வலி அதிகமா? நல்ல டாக்டர் இருக்கிறாரா? அப்படியேதான் இருக்கிறது என்பேன். அது பொய்யில்லை. எங்களுக்குள் எல்லாம் அப்படியேதான் இருந்தது. யாரோ ஒருத்தி மக்ரோனி சுட்டு அலுமினியத் தட்டில் கொண்டுவந்து கொடுத்தாள். பாளையங்கோட்டையில் கல் மாதிரி இருக்கும் அக்காவுக்காக வந்த மக்ரோனியை நாங்கள் மூன்று பேரும் இரண்டு நாள் சாப்பிட்டோம்.

நவம்பரில் டாரதி ஒரு பெரிய வாழ்த்தட்டையைக் கையில் கொடுத்தாள். சீக்கிரம் குணமாகுங்கள் என்று மேலே பூப்போட்டு அச்சடித்திருந்தது. உள்ளே மூலைக்கு மூலை கையெழுத்து. கவரில் தபால்தலைகூட ஒட்டியாகிவிட்டது. முகவரி மட்டும் நான் எழுத வேண்டும்.

அதைக் காரின் கிளவ் பாக்ஸில் போட்டுப் பூட்டினேன். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் உள்ளே ஆள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். கிரீன் கார்டு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பரோல் வேண்டாம், காது வேண்டாம், நினைத்தால் நாளைக்கே பிளேன் ஏறலாம். ஏறவில்லை. எந்த முகத்தோடு போவது? மூன்றாம் வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் போஸ்ட் ஆபீஸ் முன்னால் காரை நிறுத்தி, அக்காவுக்கு நாலு வரி எழுத உட்கார்ந்தேன். பேனாவைப் பிடித்தபடி அரை மணி நேரம் போயிற்று. ஒரு வார்த்தை வரவில்லை. முகவரியை மட்டும் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடினேன்.

6

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை. தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. போன் அடித்தது.

"ஏட்டி ரூபி, எனக்கு என்ன சீக்குன்னு அங்க சொல்லி வச்சிருக்க?"

இரண்டரை வருஷம் கழித்துக் கேட்ட குரல். தோசைக் கரண்டி கையிலேயே நின்றது.

"யக்கா..."

"போஸ்ட்மேன் இம்புட்டுப் பெரிய கவரைக் கொண்டாந்து குடுக்காரு. பிரிச்சுப் பாத்தா சீக்கிரம் குணமாகணும்னு ஊரே கையெழுத்துப் போட்டிருக்கு. ஒங்க அத்தான் என் நெத்தியைத் தொட்டுத் தொட்டுப் பாக்காவ. எனக்குத் தெரியாம டாக்டர் எதுவும் சொன்னாரான்னு ஜெனிட்ட போய்க் கேக்காவ."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சிரிக்காத, செருப்பு பிஞ்சிரும்" என்றாள். அவள் குரலிலும் பாதிச் சிரிப்பு இருந்தது. "யாருட்டி அந்த டாரதி? ஒன் முட்டி வலியை அவ பாத்துக்கிடுதாளாம், நான் கவலைப்படக் கூடாதுன்னு அட்டைல எழுதியிருக்கா. ஒன் முட்டிக்கு என்ன?"

"ஒண்ணுமில்லக்கா. நான் நற்கருணைக்கு எழும்புறதில்ல. முட்டி வலின்னு அவங்களா நெனச்சுக்கிட்டாங்க."

"எப்பலருந்து எழும்பல?"

"கூத்துன்னு சொன்ன நாள்லருந்து."

மெதுவாகச் சொன்னாள். "நானும் எழும்பலட்டி. முன்வரிசைல உக்காந்துக்கிட்டு எழும்பாம இருக்கது லேசா? ஐயர் வீட்டுக்கே வந்து கேட்டாவ. முட்டி வலின்னு சொல்லிட்டேன்."

தோசைக்கல் புகைந்தது. நிம்மி வந்து அடுப்பை அணைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அட்டைல அறுபத்திரண்டு கையெழுத்து இருக்கு. ரெண்டு தடவை எண்ணிட்டேன்" என்றாள் அக்கா. "ஒன் கையெழுத்து எங்கட்டி?"

அழுதுகொண்டே, "தப்புக்கா" என்றேன்.

"தப்புதான்."

"மன்னிச்சிருக்கா."

"கிரீன் கார்டு வந்துட்டா?"

"வந்துட்டு. போன வருஷமே."

"போன வருஷமே வந்தும் வரல." இதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கோபம் இல்லை. "கல்யாண ஆல்பத்தை அனுப்பு கினுப்புன்னு கேக்காத. அனுப்ப மாட்டேன். நேர்ல வந்து பாரு. ஒரு போட்டோவுலகூட நீ இல்லங்கத நீயே பாரு."

"வாரேன்க்கா."

"வரும்போது பாப்போம். இப்ப சொல்லு, வார மாசம் மொத ஞாயிறு எங்களுக்கு நற்கருணை. ஒங்களுக்கு அப்ப என்ன நேரம்?"

கணக்குப் போட்டேன். "நீ கோயில்ல இருக்கும்போது எனக்குச் சனிக்கிழமை சாயந்தரம். என் ஆராதனை அதுக்குப் பொறவுதான்."

"அப்போ சரி. நான் மொதல்ல எழும்புதேன். நீ அதுக்குப் பொறவு எழும்பு. நான்லா மூத்தவ?"

7

ஜனவரி முதல் சனிக்கிழமை சாயந்தரம் ஏழரை மணிக்கு நான் அடுக்களையில் சாமான் தேய்த்துக்கொண்டிருந்தேன். இந்நேரம் எழும்பியிருப்பாள் என்று கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். முன்வரிசை, எல்லோர் கண்ணும் அவள் மேல்தான் இருக்கும். எஸ்தர் டீச்சர் எழும்பிட்டாங்க என்று பின்னால் கிசுகிசுப்பார்கள். என் கையெல்லாம் நுரை.

மறுநாள் எங்கள் வரிசை வந்ததும் எழுந்தேன். டாரதி பதறி ஓடி வந்து என் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. கிழவி என்னைத் தாங்கியபடி பீடம் வரை நடத்திக் கூட்டிப்போனாள். நான் முழங்காலில் நின்றபோது பின்னால் யாரோ சந்தோஷத்தில் மூக்குச் சிந்துவது கேட்டது. என் முட்டி குணமாகிவிட்டதாம். அந்த வார அப்பம் யார் சுட்டதோ, உப்பு கொஞ்சம் தூக்கல். நான் அழுததுகூடக் காரணமாக இருக்கலாம்.

இது நடந்து ஆறு வாரம் ஆகிறது. ஜெனிக்குப் பிள்ளை பிறந்து ஒரு வயது முடிந்துவிட்டது என்று அக்கா போன் பண்ணிய பிறகுதான் தெரிந்தது. போனில் அக்காவோடு வாரா வாரம் பேச்சு உண்டு. பள்ளிக்கூடம், வெயில், மருமகன் எல்லாம் பேசுகிறோம். அந்த மே மாதத்தைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை. ஜூனுக்கு டிக்கெட் பார்க்கிறேன், மூடுகிறேன். ஆபீசில் லீவு கேட்க வேண்டும், நிம்மிக்குப் பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டும் என்று காரணங்கள் தாமாக வந்து வரிசையில் நிற்கின்றன. என் வண்டவாளம் எனக்குத் தெரியும். இப்படித்தான் அந்தக் கவரும் மைக்ரோவேவ் மேல் கிடந்தது.

நிம்மியின் பாஸ்போர்ட் போட்டோவை நேற்று எடுத்துவிட்டோம். அதற்குக் காது தெரிய வேண்டிய அவசியம் இல்லையாம். இருந்தாலும் முடியை இரண்டு பக்கமும் இழுத்து ஒதுக்கி, கிளிப் போட்டுத்தான் உட்கார வைத்தேன். "அம்மா, வலிக்குது" என்றாள், தமிழில்.

டாரதிக்கு என்ன சொல்வது என்று இப்போது தெரிந்துவிட்டது. எஸ்தர் பெயரை எடுக்க வேண்டாம். நான் போய் அந்த ஆல்பத்தைப் பார்த்துவிட்டு வரும்வரை அது பட்டியலிலேயே இருக்கட்டும்.